எட்டணா அளவு

நாலாவது தடவையும் அதே இடத்தில்தான்
பிராக்கெட் விண்டிருந்தது.
வீரபாண்டிப் பிரிவு, ராத்திரி பதினொன்றரை.
பேட்டரி விளக்கு சிவப்பாய் முழித்ததாம்.
ஹெட்லைட் மஞ்சளாகி, பழுப்பாகி, இல்லாமலே போனதாம்.
டீசல் வண்டி, வெளிச்சம் கேட்காது.
முன்னால் போன தண்ணீர் லாரியின்
பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே
வீடு வந்து சேர்ந்தார் இவர்.

ஆர்சி என் பேரில்.
தவணையும்.

பெல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கிட்டீங்க
என்றார் எலக்ட்ரிகல் தம்புராஜ்.
போல்ட்டு டூப்ளிகேட் என்றார் ஜாகீர்.
போன தடவை பத்தவைத்தவனுக்குச்
சூடு பார்க்கத் தெரியலைங் என்றார் வெல்டிங் சின்ராசு.
போன தடவை பத்தவைத்ததும் அவர்தான்.
கொழுந்தனார், கண்ணு பட்டுப்போச்சுங்கோ என்று
எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்.
அந்த முடிச்சு மட்டும் இதுவரை அவிழவில்லை.

நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
எந்த மில்லுக்கு எத்தனை துணி ரோல்,
டீசல் எவ்வளவு,
யார் எத்தனை மாசமாய்ப் பாக்கி என்று எழுதுகிற நோட்டு.
சிவப்புப் பேனாவில் 'பிராக்கெட்' நாலு இடத்தில்.
மே ஒன்பது. ஜூன் இரண்டு. ஜூன் இருபத்தொன்பது.
இன்று.
விரல் வைத்து ஒவ்வொரு வரியாய் மேலே ஏறினேன்.
கிலோமீட்டர் ஒத்துவரவில்லை.
பாரமா என்றால், ஒரு தடவை காலி வண்டி.
மழையும் இல்லை.
முந்தின நாள் வரியில் மட்டும்
நாலு தடவையும் ஒரே பேர்:
அத்தனூர் அம்மன் காம்பாக்டிங்.

அங்க போய் என்ன பண்ணுவீங்க?
'ரோல் எறக்குவேன்.'
எறக்கறதுக்கு முன்னாடி?
சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.
'மேடு அது. ரிவர்ஸ்லதான் ஏத்தோணும்.
சித்த நேரம் கிளச்சுலயே தொங்கும்.'
மற்ற மில்லெல்லாம்?
'சமதளம்.'
பிசைந்த கை அப்படியே நின்றது.

விடிந்ததும் டயருக்குக் கல் கொடுத்தோம்.
இன்ஜின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டு நான்,
ஸ்டீரிங்கில் இவர்.
முதல் கியர் போட்டுக் கிளச்சை மெல்ல விடச் சொன்னேன்.
தூக்கத்தில் புரள்கிற ஆளாட்டம்
இன்ஜின் அக்கட்டத் திரும்பியது.
ரிவர்ஸில் இக்கட்ட.
சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது,
நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை.
டொக்.

அணையுங்க என்றேன்.
பனியன் வேஸ்ட்டால் எண்ணெய்ப் பிசுக்கை வழித்துப் பார்த்தால்
சேஸ் ஓரத்தில் பெயின்ட் போய்
எட்டணா அளவுக்கு ஒரு மினுக்கம்.
எதிரில் ஆல்டர்னேட்டர் முதுகில்
அதே எட்டணா.

இடப்பக்க மவுண்டிங் ரப்பர்
எலந்தவடையாட்டம் நசுங்கிக் கிடந்தது.
எப்போதிருந்தோ.
உடைகிற ஒன்று உடைந்து காட்டியது,
இது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டே போயிருக்கிறது.
ஜாகீரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
'இதைத் தாங்க்கா நானும் நெனச்சேன்' என்றார்.

இரண்டு பக்கமும் புது ரப்பர், கூலியோடு
ஆயிரத்து நானூறு.
நாலு வெல்டிங், மூணு பெல்ட்,
தேவையில்லாமல் மாற்றிய ஒரு ஆல்டர்னேட்டர்.
அந்தப் பக்கங்களுக்குக் கூட்டல் போடாமலே
தாளைத் திருப்பிவிட்டேன்.

ஆகஸ்ட்டில் மூன்று தடவை ஏறிவிட்டது அந்த மேடு.
நோட்டில் சிவப்பு இல்லை.
ரிவர்ஸ் விழும்போதெல்லாம்
இவர் கை தானாகப் போய் ரேடியோவை அணைக்கிறது,
கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு
மறுபடி போடுகிறார்.

எலுமிச்சம்பழம் கறுத்துச் சுண்டிவிட்டது.
பார்த்தீங்களா, அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலை
என்கிறார் கொழுந்தனார்.